கேளுங்கள், சொல்கிறோம்: மார்பக ஸ்டெம் செல்லும் அதன் அக்கம்பக்கமும்

போன இதழில் மார்பக ஸ்டெம் செல் பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு போட்டிருந்தோம். பால் சுரப்பியில் இருக்கும் ஸ்டெம் செல் (பல வகை செல்களாக மாறக்கூடிய மூல செல்), தான் என்னவாக வேண்டும் என்பதைத் தனியாக முடிவு செய்வதில்லை, சுற்றியிருக்கும் திசுவுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு என்பதுதான் அதன் சாரம். அரைப் பக்கத்துக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. திட்டியும் சில வந்தன, அவற்றையும் சேர்த்தே தந்திருக்கிறோம்.

ஆண் எலியின் விந்தகத்திலிருந்து எடுத்த செல், பெண் எலியின் மார்பில் வைத்ததும் பால் சுரக்கும் செல்லாக மாறியது என்று எங்கள் பேராசிரியை வகுப்பில் சொன்னார். பாதி வகுப்பு சிரித்தது. நிஜமாகவே நடந்ததா?
– உயிர்த்தொழில்நுட்ப மாணவி, கோவை

சிரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நடந்தது நிஜம். 2007-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் கில்பர்ட் ஸ்மித் என்பவரின் குழு இதைச் செய்து வெளியிட்டது.

இது புரிய வேண்டுமென்றால் எலியின் மார்பில் ஒரு வசதி இருப்பதை முதலில் சொல்ல வேண்டும். பிறந்து மூன்று வாரமான பெண் எலிக்குட்டியில், பால் குழாய்கள் காம்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொத்தாக மட்டுமே இருக்கும். மீதியெல்லாம் கொழுப்புத் திண்டு, வருங்காலத்தில் குழாய்கள் பரவுவதற்கான காலி இடம். அந்தக் கொத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால் சுரப்பியே இல்லாத, ஆனால் சுரப்பிக்கு வேண்டிய கொழுப்பு, ரத்தக் குழாய், இணைப்புத் திசு எல்லாம் அப்படியே இருக்கிற ஒரு திண்டு கிடைக்கும். 1959-ல் பெர்க்லியில் கென்னத் டியோம் குழுவினர் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலித் திண்டில் வேறொரு எலியின் சுரப்பித் துணுக்கை வைத்தால், அது கிளைவிட்டுக் கிளைவிட்டு முழுத் திண்டையும் நிரப்பி, ஓரம் வந்ததும் நின்றுகொள்ளும். இன்றுவரை 'இது மார்பக ஸ்டெம் செல்தானா' என்று பரிசோதிக்க இதுதான் உரைகல். 2006-ல் மெல்பர்னில் ஜேன் விஸ்வேடர், ஜெஃப்ரி லிண்டிமன் குழு ஒரே ஒரு செல்லை இப்படி வைத்து முழுச் சுரப்பியை வளர்த்துக் காட்டியது, அதே வருடம் வான்கூவரில் இன்னொரு குழுவும் இதே முடிவுக்கு வந்தது.

ஸ்மித் குழு செய்தது என்னவென்றால், வளர்ந்த ஆண் எலியின் விந்துக் குழாய்களிலிருந்து செல்களை எடுத்து, அவற்றோடு சாதாரண மார்பக செல்களைக் கலந்து, காலித் திண்டில் ஊசி போட்டார்கள். விந்தக செல்களில் முன்கூட்டியே ஒரு மரபணு அடையாளம் வைக்கப்பட்டிருந்தது. எலி கருவுற்றுப் பால் சுரக்கும் கட்டத்தில், பால் புரதத்துக்கான மரபணு விசை எந்த செல்லில் போடப்படுகிறதோ அந்த செல் மட்டும் சாயத்தில் நீலமாகத் தெரியும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எலிகளை இணைய விட்டு, குட்டி போட்டுப் பால் கொடுத்து முடித்து சுரப்பி சுருங்கிய பிறகு எடுத்துப் பார்த்தால், பால் குழாய்ச் சுவரில் நீல செல்கள்! விந்தகத்திலிருந்து வந்தவை, இப்போது மார்பகத்தில் குடித்தனம் நடத்துகின்றன. அடுத்த வருடம் நரம்பு ஸ்டெம் செல்லை வைத்தும் இதையே காட்டினார்கள்.

உங்கள் வகுப்புக்கு ஒரு திருத்தம்: 'ஆண் எலி பால் கொடுத்தது' என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். பால் கொடுத்தது பெண் எலிதான். அப்புறம், விந்தக செல்லை மட்டும் தனியே வைத்தால் ஒன்றும் வளரவில்லை, கூட்டத்தில் மார்பக செல்கள் இருந்தே ஆக வேண்டும். அந்த மார்பக செல்கள் என்னதான் சொல்லிக்கொடுக்கின்றன என்பதுதான் சுவாரசியமான கேள்வி. 2017-ல் அதே ஆராய்ச்சி வரிசையில் வந்த ஒரு கட்டுரை இதற்குப் பாதிப் பதில் சொல்கிறது. மார்பகத் திசுவிலிருந்து செல்களையெல்லாம் நீக்கிவிட்டு, மிஞ்சுகிற புரத வலையை மட்டும் (கொலாஜன், லாமினின் போன்றவை அடங்கிய சாரம்) விந்தக செல்லோடு கலந்து வைத்தார்கள். அப்போதும் சுரப்பி வளர்ந்தது. அதாவது செல்லே இல்லாத வெறும் வலையிலும் ஏதோ குறிப்பு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

அப்படியானால் செல்லுக்கென்று சொந்தமாக ஒன்றும் கிடையாதா? எல்லாம் சேர்க்கைதானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

ஐயா, அப்படி ஒரேயடியாகச் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்கும் பழைய சோதனை ஒன்று இருக்கிறது. 1976-ல் தெருயோ சகாகுரா என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளர் குழு, எலிக் கருவின் மார்பக மொட்டிலிருந்து மேல்தோல் பகுதியை எடுத்து, உமிழ்நீர்ச் சுரப்பியின் அடித்திசுவோடு (மேல்தோலுக்கு அடியில் இருக்கும் திசு) ஒட்டி வளர்த்தது. வளர்ந்தது பார்க்க அப்படியே உமிழ்நீர்ச் சுரப்பி. கிளை பிரியும் விதம், நெருக்கம் எல்லாமே உமிழ்நீர்ச் சுரப்பியின் சாயல். ஆனால் அதைப் பால் சுரக்கும் எலியின் உடலுக்குள் வைத்தபோது, அந்த உமிழ்நீர்ச் சுரப்பி வடிவத்துக்குள்ளிருந்து வந்தது பால் புரதம்!

வடிவத்தை அக்கம்பக்கம் தீர்மானித்தது, சரக்கு என்ன என்பதை செல் விட்டுக்கொடுக்கவில்லை. இதற்கு நேர்மாறாக, மார்பக அடித்திசுவை எலியின் சாதாரண உடல் தோலோடு சேர்த்து வளர்த்தபோது, அந்தத் தோல் பால் குழாயாக மாறி, கேசீன் என்ற பால் புரதத்தையும் செய்தது என்று 1990-களில் ஜெரால்ட் குன்ஹா குழு காட்டியிருக்கிறது. ஆக எந்த செல், எந்த வயதில், எவ்வளவு தூரம் ஒரு பாதையில் போய்விட்டது என்பதைப் பொறுத்து அக்கம்பக்கத்தின் பேச்சு எடுபடுகிறது. விந்தக செல் விஷயம் தலைப்புச் செய்தி ஆனது, சகாகுராவின் சோதனையைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் இரண்டில் அதிகம் யோசிக்க வைப்பது இரண்டாவதுதான்.

மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பிருந்தே மார்பு கனத்து வலிக்கிறது. அந்த நேரத்தில் ஸ்டெம் செல் பெருகுவதால்தான் இப்படி என்று ஒரு யூடியூப் காணொளியில் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– வாசகி, திண்டுக்கல்

பயப்பட ஒன்றுமில்லை. அந்த வலிக்குக் காரணம் ஹார்மோன் ஏற்ற இறக்கத்தில் திசு வீங்குவதும் நீர் கோப்பதும்தான், ஸ்டெம் செல் அல்ல. விலக்கு வந்ததும் குறைந்துவிடும். மாதச் சுழற்சிக்குச் சம்பந்தமில்லாமல் ஒரே இடத்தில் வலித்தாலோ கட்டி தட்டுப்பட்டாலோ மருத்துவரைப் பாருங்கள்.

ஆனால் காணொளிக்காரர் காற்றிலிருந்து பிடித்துச் சொல்லவில்லை. 2010-ல் மெல்பர்னிலும் டொராண்டோவிலும் இரண்டு குழுக்கள், புரோஜெஸ்டிரோன் ஏறும் நாட்களில் எலியின் மார்பக ஸ்டெம் செல் கூட்டம் பெருகுகிறது என்று காட்டின. மெல்பர்ன் கணக்கில் கருவுற்ற எலியில் இது 11 மடங்கு வரை போனது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஸ்டெம் செல்களுக்குப் புரோஜெஸ்டிரோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பியே கிடையாது. ஹார்மோன் வந்து கதவைத் தட்டுவது அவற்றுக்குக் கேட்காது. பக்கத்தில் குழாயின் உள்சுவரில் இருக்கும் செல்களுக்குத்தான் ஏற்பி உண்டு, அவை ஹார்மோனை வாங்கிக்கொண்டு ராங்க்-லிகாண்ட் என்ற புரதத்தை வெளியே விடுகின்றன, அதுதான் ஸ்டெம் செல்லுக்குப் போய்ச் சேரும் செய்தி.

ஈஸ்ட்ரோஜன் கதை இன்னும் சுற்றுவழி. பருவ வயதில் குழாய் நீள்வதற்கு ஈஸ்ட்ரோஜன் வேண்டும். அதை வாங்கும் உள்சுவர் செல், ஆம்ஃபிரெகுலின் என்ற புரதத்தைச் செய்து தன் மேற்பரப்பிலிருந்து வெட்டிவிடுகிறது. அது குழாயை விட்டு வெளியே போய், கொழுப்புக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசு செல்களைத் தூண்டுகிறது. அந்த ஃபைப்ரோபிளாஸ்ட்கள் வேறு வளர்ச்சிக் காரணிகளை உற்பத்தி செய்து குழாய்க்குத் திருப்பி அனுப்புகின்றன, அதற்குப் பிறகுதான் குழாய் நீள்கிறது. வாங்கிய செல் ஒன்று, பெருகும் செல் வேறொன்று, நடுவில் மூன்றாவது ஆள். மேக்ரோஃபேஜ் என்கிற நோய் எதிர்ப்பு செல்களுக்கும் இதில் வேலை உண்டு. அவற்றை நீக்கிவிட்ட எலித் திண்டில் ஸ்டெம் செல்லை வைத்தால் சரியாக முளைப்பதில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இங்கேதான் மருந்துக்கு ஒரு வழி தெரிகிறது. எலும்புத் தேய்மானத்துக்கு ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கும் டெனோசுமாப் என்ற ஊசி, இந்த ராங்க்-லிகாண்டைத்தான் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிஆர்சிஏ1 மரபணுவில் பிழை உள்ள (அதனால் மார்பகப் புற்றுநோய் ஆபத்து அதிகமுள்ள) பெண்களுக்குப் புற்றுநோய் வராமல் அது தடுக்குமா என்று பார்ப்பதற்கே ஒரு பன்னாட்டு ஆய்வைத் தொடங்கியிருக்கிறார்கள். எலும்புக்குக் கொடுக்கும் ஊசிதானே என்று யாரும் தாமாகப் போட்டுக்கொள்ளக் கிளம்பிவிட வேண்டாம்.

வயது 44. மேமோகிராம் ரிப்போர்ட்டில் 'அடர்த்தி: சி' என்று போட்டிருக்கிறது. கட்டி எதுவும் இல்லையாம். ஆனால் அடர்த்தியான மார்பு என்றால் புற்றுநோய் வருமென்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். சுற்றுத் திசு பற்றி நீங்கள் எழுதியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, கரூர்

தொடர்பு நேரடியாகவே உண்டு. மேமோகிராம் படத்தில் கொழுப்பு கறுப்பாகவும், சுரப்பியும் நார் போன்ற இணைப்புத் திசுவும் வெள்ளையாகவும் விழும். வெள்ளை அதிகமிருந்தால் அடர்த்தி என்கிறார்கள். ஏ, பி, சி, டி என்று நான்கு படி, நீங்கள் மூன்றாவதில் இருக்கிறீர்கள். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள் சகோதரி: இது நோயின் பெயர் அல்ல. அமெரிக்காவில் 40 வயதைக் கடந்த பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் சி அல்லது டி-யில்தான் வருகிறார்கள். கையால் தொட்டுப் பார்த்து அடர்த்தியைச் சொல்லவும் முடியாது, கெட்டியாக இருப்பது வேறு, படத்தில் வெள்ளையாக விழுவது வேறு.

அக்கா சொன்னதில் பாதி சரி. 2007-ல் கனடாவின் நார்மன் பாய்ட் குழு வெளியிட்ட ஆய்வில், மார்பின் 75 சதவீதத்துக்கு மேல் அடர்த்தியாக இருந்த பெண்களுக்கு, 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தவர்களைவிட ஆபத்து சுமார் 4.7 மடங்கு. ஆனால் இது இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள ஒப்பீடு, நடுவில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசம் இதைவிட மிகக் குறைவு. இன்னொரு சிக்கல், கட்டியும் வெள்ளை, அடர்த்தியும் வெள்ளை, அதனால் படத்தில் கட்டி தப்பிப் போக வாய்ப்புண்டு. அல்ட்ராசவுண்டும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட தொடர்பு. அடர்த்தியான திசுவில் கொலாஜன் நார் அதிகம், அதனால் இடமே விறைப்பாக இருக்கும். விறைப்பு செல்லுக்குத் தெரியுமா? தெரியும். செல்லின் மேற்பரப்பில் இன்டெக்ரின் என்ற புரதங்கள் வெளி வலையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. வலை எவ்வளவு இழுபடுகிறது என்ற தகவல் அவை வழியாக உள்ளே போகிறது. வேலரி வீவர் குழு 2005-ல், மென்மையான ஜெல்லில் அழகாக நடுவில் குழிவிட்டு உருண்டையாக அடுக்கிக்கொள்ளும் மார்பக செல்கள், ஜெல்லை விறைப்பாக்கியதும் வரிசை குலைந்து பெருகுவதைக் காட்டியது.

இதே வீவர், மினா பிஸ்ஸலின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது 1997-ல் செய்தது எனக்கு இன்னும் பிடித்த சோதனை. புற்றுத்தன்மை அடைந்த மனித மார்பக செல்கள் ஜெல்லில் தாறுமாறான குவியலாக வளர்ந்துகொண்டிருந்தன. இன்டெக்ரினில் ஒரு வகையை ஆன்டிபாடி போட்டு அடைத்தார்கள். குவியல் பிரிந்து, சாதாரண செல்கள்போல் ஒழுங்கான உருண்டைகளாக அடுக்கிக்கொண்டது. மரபணுக்களில் இருந்த கோளாறு எதுவும் சரியாகவில்லை, அத்தனையும் அப்படியே இருந்தது. வெளியிலிருந்து வரும் தவறான செய்தியை நிறுத்தியதும் செல் வேறு மாதிரி நடந்துகொண்டது, அவ்வளவுதான். உடனே 'அப்படியானால் புற்றுநோயை இப்படியே திருப்பிவிடலாமே' என்று தோன்றும். ஆய்வுக்கூடத் தட்டில் நடந்தது அது, ஒரு பெண்ணின் உடலில் அல்ல. கண்டுபிடித்த கட்டிக்கு இன்றும் அறுவையும் மருந்தும் கதிர்வீச்சும்தான் சிகிச்சை.

'உங்கள் கொழுப்பிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்து மார்பகத்தை இயற்கையாக வளர்க்கிறோம்' என்று எங்கள் ஊரில் பேனர் வைத்திருக்கிறார்கள். செய்துகொள்ளலாமா?
– பெயர் வேண்டாம், சேலம்

வேண்டாம். தொடையிலோ வயிற்றிலோ கொழுப்பை உறிஞ்சி மார்பில் நிரப்புவது பிளாஸ்டிக் சர்ஜரியில் இருக்கிற ஒன்றுதான். புற்றுநோய்க்காக மார்பை எடுத்தவர்களுக்கு மறுசீரமைப்பிலும் செய்கிறார்கள், அது வேறு. அதோடு 'ஸ்டெம் செல்' என்ற சொல்லை ஒட்டவைத்து விலையை ஏற்றுவதுதான் பிரச்சினை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, அங்கீகரிக்கப்பட்ட ரத்தநோய் போன்றவற்றுக்கான ஸ்டெம் செல் மாற்று தவிர, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகக் கொடுப்பது நெறிமீறல். காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது ஆய்வும் ஆகாது. இந்தப் பக்கம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதே, ஸ்டெம் செல் போய் உட்கார்ந்த இடத்தைப் பொறுத்து நடத்தையை மாற்றிக்கொள்ளும் என்பதைத்தான். அந்த இடத்தில் என்ன செய்யும் என்று பேனர் வைத்தவருக்கு எப்படித் தெரியும்?

எல்லாமே எலி எலி என்று எழுதுகிறீர்கள். மனுஷி என்ன எலியா?
– வாசகர், தூத்துக்குடி

கோபம் நியாயம். எலியின் சுரப்பி பெரும்பாலும் வெறும் கொழுப்பில் கிடக்கிறது, பெண்ணின் மார்பில் ஒவ்வொரு பால் மடலைச் சுற்றியும் நார்த்திசு உறை இருக்கிறது. அதனால்தான் மனித மார்பக செல்லை எலியின் காலித் திண்டில் வைத்தால் பெரும்பாலும் ஒன்றும் வளராது. 2004-ல் ஷார்லட் குப்பர்வாசர் குழு, முதலில் மனித ஃபைப்ரோபிளாஸ்ட்களை அந்தத் திண்டில் குடியேற்றிவிட்டு, பிறகு மனித செல்களை வைத்துப் பார்த்தது. அப்போது மனித மார்பகத்தைப் போன்ற குழாயும் மடலும் வளர்ந்தன. எலி வேறு மனுஷி வேறு என்பதை நிரூபிக்கப் போய், அக்கம்பக்கம் முக்கியம் என்பதையும் சேர்த்தே நிரூபித்துவிட்டார்கள்.

எலி ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே இன்னொரு சண்டையும் இருக்கிறது. 2011-ல் பிரஸ்ஸல்ஸில் செட்ரிக் பிளான்பென் குழு, செல்லை வெளியே எடுக்காமல், இருந்த இடத்திலேயே நிறம் ஏற்றித் தொடர்ந்து கவனித்தது. வளர்ந்த எலியில் உள்சுவர் செல்கள் உள்சுவரை மட்டும், வெளிச்சுவர் செல்கள் வெளிச்சுவரை மட்டும் புதுப்பிக்கின்றன, இரண்டையும் செய்யும் ஸ்டெம் செல்லைக் காணோம் என்றது. அப்படியானால் முதல் பதிலில் சொன்ன, ஒரே செல்லிலிருந்து முழுச் சுரப்பி? எடுத்து வேறிடத்தில் வைத்த அதிர்ச்சியில்தான் அந்தத் திறமை வெளியே வருகிறது என்பது அவர்கள் வாதம். மெல்பர்ன் குழு இதை ஒத்துக்கொள்ளவில்லை, வளர்ந்த எலியிலும் இரண்டையும் செய்யும் செல்களைக் கண்டதாக 2014-ல் எழுதியது.

ஆண்களுக்கு எதற்கு முலைக்காம்பு? சின்ன வயதுச் சந்தேகம், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்.
– வாசகர், ஆம்பூர்

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது. காம்பும் பால் குழாய் மொட்டும் கருவில், ஆணா பெண்ணா என்ற ஹார்மோன் வேறுபாடு தொடங்கும் முன்பே உருவாகிவிடுகின்றன. மனித ஆணில் அவை அப்படியே தங்கிவிடுகின்றன. ஆண் எலிக்கு அதுவும் கிடையாது, எடுத்துப் பார்த்தால் காம்பே இருக்காது!

ஏன் என்று பார்த்ததில் கிளாஸ் கிராட்டோச்வில் 1976-ல் கண்டது, இந்த இதழின் விஷயத்துக்கு நேராக வந்து நிற்கிறது. ஆண் எலிக் கருவில் டெஸ்டோஸ்டிரோன் சுரந்ததும், மார்பக மொட்டைச் சுற்றியுள்ள அடித்திசு இறுகி, மொட்டின் கழுத்தை நெரித்து, மேல்தோலிலிருந்து துண்டித்துவிடுகிறது. டெஸ்டோஸ்டிரோனை உணரவே முடியாத ஒரு வகைப் பிறழ்வு எலி உண்டு. அதன் மொட்டையும் சாதாரண எலியின் அடித்திசுவையும் சேர்த்தால் மொட்டு அழிந்தது. சாதாரண மொட்டையும் பிறழ்வு எலியின் அடித்திசுவையும் சேர்த்தால், எவ்வளவு ஹார்மோன் ஊற்றினாலும் மொட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹார்மோன் வந்தது மொட்டுக்காக அல்ல, பக்கத்துத் திசுவுக்காக.

நமக்கு அந்த மொட்டும் சில குழாய்களும் மிஞ்சியிருப்பதால், ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரலாம். மொத்த மார்பகப் புற்றுநோயில் ஒரு சதவீதம் அளவுதான். ஆனால் காம்புக்குப் பின்னால் வலியில்லாத கட்டி தட்டுப்பட்டால், ஆம்பிளைக்கு ஏது மார்பகப் புற்றுநோய் என்று தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.